புட்டியை வாங்குபவரும் பம்பைச் சுமப்பவரும்

ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்துச் செம்பனை, அன்னாசித் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவோருக்கும், அவ்வேலையை மேற்பார்க்கும் மண்டோர்களுக்கும், கூலிக்கு ஆள் வைத்துப் பயிர் செய்யும் சிறுதோட்டக்காரர்களுக்கும் இம்மடல்.

தோட்ட வேலையில் நேரும் தீங்குகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அரசு எத்தனை சட்டம் போட்டாலும் அவனவன் உடம்பை அவனவன் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் என்ன செய்ய முடியும் என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. கையுறை கொடுத்தால் கழற்றி வைக்கிறார்கள், முகக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிடுகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை என்பன அவ்வாதத்துக்குத் துணையாக வரும் சான்றுகள். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் உண்மைகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு போய்த் தவறான முடிவில் நிற்க இயலும் என்பதற்கு, பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் கடந்துவந்த பாதையே போதிய சாட்சி. அந்த வரலாற்றைக் கொண்டு, பாதுகாப்பில் சட்டத்தின் பங்கு எதுவரை, தனிமனிதப் பொறுப்பு எங்கிருந்து என்பதை ஆராய இம்மடல் முயல்கிறது.

1882இல் வேதியியல் கூடத்தில் முதன்முதலாக உருவாக்கப்பட்ட பாராகுவாட்டுக்குக் களையை அழிக்கும் ஆற்றல் உண்டு என்பதை 1955இல் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம் கண்டறிந்து, 1962இல் கிராமோக்சோன் என்ற வணிகப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இது தொடுகைக் களைக்கொல்லி, அதாவது வேருக்கு இறங்காமல், பட்ட பச்சையை மட்டும் கருக்கும் வகை. ஒளிச்சேர்க்கையின்போது இலைக்குள் ஓடும் மின்னணுக்களை இடைமறித்து, ஆக்சிசனை உயிரணுவைச் சிதைக்கும் வடிவத்துக்கு மாற்றிவிடுவதால், வெயில் ஏற ஏறப் புல் கண்ணெதிரே வாடுகிறது. அடித்த சற்று நேரத்தில் மழை வந்தாலும் வேலை வீணாகாது, விலையும் மலிவு என்னும் இரண்டு காரணங்களே மழை மிகுந்த தீபகற்பத்தின் ரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களிலும் அது நிலைபெறப் போதுமாயிருந்தன. மனித உடலுக்குள் புகுந்தாலும் அதன் செயல் ஏறத்தாழ அதுவே. நுரையீரல் அதனை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, தழும்பேறி இறுகி, மூச்சை விடும் ஆற்றலை இழக்கிறது. முறிமருந்து இன்றுவரை இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதனை ‘மிதமான ஆபத்து’ என்னும் இரண்டாம் வகுப்பில் வைத்திருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். எலிகளுக்கு ஊட்டி அவற்றுள் பாதி இறக்கும் அளவை முதன்மையாகக் கொண்டு அமைந்தது அவ்வகைப்பாடு. முறிமருந்து உண்டா என்ற கேள்விக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

மருந்தடிப்பு நெடுங்காலம் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களின் வேலையாக இருந்தது. ஆண்கள் குலை வெட்டப் போக, பெண்கள் பம்பு சுமந்தார்கள். 16 முதல் 18 லிட்டர் கொள்ளும் முதுகுப் பம்பு நிரம்பிய நிலையில் ஒரு சிறுவனின் எடை இருக்கும். ஒரு கை நெம்புகோலை ஏற்றி இறக்க, மறு கை தெளிகுழலைப் பிடித்திருக்க, இரண்டு கைகளும் ஓய்வின்றி இருக்கும் நிலையில் நெற்றி வியர்வையைத் துடைப்பதும் அதே நனைந்த கைதான். மூடியின் இடுக்கில் கசிவது முதுகுத் துணியில் ஊறும். தெளித்த புல்லுக்குள் நடந்தே அடுத்த வரிசைக்குப் போக வேண்டியிருப்பதால் கைலியும் காலுறையும் நனையும். தெளிகுழலின் முனை மண்ணால் அடைத்துக்கொண்டால், மாற்று முனை கைவசம் இல்லாத இடத்தில், அதைக் கழற்றி வாயால் ஊதிச் சரிசெய்வது உலகின் பல நாடுகளிலும் பதிவாகியிருக்கும் பழக்கம். நகம் கறுத்து உதிர்தல், மூக்கில் இரத்தம் வடிதல், கண்ணெரிச்சல், தோல் புண் ஆகியன தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசருக்குப் பழகிப்போன முறையீடுகளாயின.

இப்பெண்களின் நிலையை வெளியுலகுக்குக் கொண்டுவந்ததில் தெனாகனித்தா அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணியில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஐரின் ஃபெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய அவ்வமைப்பு, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்புடன் சேர்ந்து, தோட்டங்களில் நஞ்சுத் தாக்கம் குறித்த ஆய்வறிக்கையை 2002இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மலேசியப் பூச்சிக்கொல்லி வாரியம், அதாவது 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் எந்த மருந்து விற்பனைக்கு வரலாம் என முடிவு செய்யும் அமைப்பு, பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கப்போவதாக அறிவித்தது. தொழில்துறையின் மறுப்பு உடனே எழுந்தது. பொருளில் குறை இல்லை, பயன்படுத்தும் முறையில்தான் குறை. பயிற்சி கொடுங்கள், கவசம் கொடுங்கள், தடை வேண்டாம் என்பதே அம்மறுப்பின் சாரம். 2006இல் தடை முடிவு திரும்பப் பெறப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள்தான். முதல் அறிவிப்புக்கும் இறுதித் தடைக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. அவ்வளவு காலமும் ‘முறையான பயன்பாடு’ என்னும் சொல்லே கேடயமாக நின்றது. சுவீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் தடை செய்துவிட்ட பொருள் இது. சுவீடன் தொடுத்த வழக்கில் 2007 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அனுமதியை நீக்கிய பின்னரும், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலையில் அதைத் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புவது நிற்கவில்லை. கவனமாகக் கையாண்டால் ஆபத்தில்லை என்ற வாதம் அந்த ஆலையைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் பொருந்தாமல், மலேசியத் தோட்டங்களுக்கு மட்டும் பொருந்தியது எவ்வாறு என்று கேட்பதில் தவறில்லை.

தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்தும் தரப்புக்கு மதிப்புள்ள ஒரு தத்துவப் பின்புலம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலில், ஒருவன் தனக்கு மட்டுமே தீங்கு தரும் செயலில் ஈடுபடும்போது அரசு அவனைத் தடுக்கலாகாது என்னும் கொள்கையை முன்வைத்தார். பிறருக்குத் தீங்கு நேரும்போது மட்டுமே தலையிடலாம் என்பதால் அது தீங்குக் கோட்பாடு எனப்படுகிறது. அந்நூலின் கடைசி இயலில் அவர் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நஞ்சு விற்பனை. நஞ்சை வாங்கவே கூடாது எனத் தடுப்பது மிகை. புட்டியின்மேல் அது ஆபத்தான பொருள் என எழுதி ஒட்டச் சொல்வது சுதந்திரத்துக்கு ஊறு ஆகாது, ஏனெனில் தான் வாங்குவது நஞ்சு என்பதை அறியக் கூடாதென எந்த வாங்குபவனும் விரும்பமாட்டான் என்பது அவரது தர்க்கம். இன்று எல்லா நாடுகளிலும் மருந்துப் புட்டிகளின்மேல் காணப்படும் எச்சரிக்கைச் சீட்டு, அறிந்தோ அறியாமலோ, இந்தத் தர்க்கத்தின் பிள்ளைதான்.

தர்க்கம் நேர்த்தியானது. ஆனால் அது ஒரே ஒரு மனிதனை வைத்துக்கொண்டு கட்டப்பட்டது. மில் கற்பனை செய்த கடையில் புட்டியை வாங்குபவனும், சீட்டைப் படிப்பவனும், அப்பொருளைக் கையாள்பவனும் ஒருவனே. பொந்தியானில் அவர்கள் மூன்று பேர். எந்த மருந்து வாங்குவது என்பதைத் தோட்ட நிருவாகமோ குத்தகையாளரோ விலையைப் பார்த்து முடிவு செய்கிறார். சீட்டைப் படித்துக் கலவை அளவைச் சொல்வது மண்டோர் அல்லது கிடங்குக் கிராணி. பம்பைச் சுமப்பவரின் கைக்கு வரும்போது அது சீட்டு இல்லாத, நீரில் கலந்த திரவம். மலேசியாவில் விற்கப்படும் இத்தகைய பொருள்களில் எச்சரிக்கை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என அச்சாவது வழக்கம். ஆனால் இன்று பம்பைச் சுமப்போரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். வங்காள மொழி மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு நான்கு மொழிச் சீட்டும் ஒன்றுதான். தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அறிந்தவர் ஒருவர், நனைபவர் ஒருவர் எனப் பிரிந்துகிடக்கும் இடத்தில், பொறுப்பை மட்டும் நனைபவரின் தலையில் இறக்குவதற்கு மில்லின் பெயரைத் துணைக்கழைக்க முடியாது. அவரது கோட்பாட்டின்படி பார்த்தாலும் இது பிறருக்கு இழைக்கப்படும் தீங்கு. ஆகவே சட்டம் நுழையவேண்டிய இடம்.

தொழில் பாதுகாப்பியலில் ‘கட்டுப்பாட்டுப் படிநிலை’ என்று ஒன்று உண்டு. ஆபத்தை எதிர்கொள்ளும் வழிகளை அவற்றின் பலனைப் பொறுத்து மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும் முறை அது. ஆபத்தான பொருளையே அகற்றுவது உச்சியிலும், ஆபத்துக் குறைந்த வேறொன்றை வைப்பது அதற்கடுத்தும், கருவியை மாற்றுவது, வேலைமுறையை மாற்றுவது என்பன இடையிலும் நிற்க, கையுறை, முகக்கவசம், மழைக்காலணி ஆகியவை அடங்கிய தனிநபர் கவசம் அடித்தட்டில் இருக்கிறது. அது அடித்தட்டில் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணி நேரமும் ஒவ்வோர் ஆளும் தவறாமல் அணிந்தால்தான் பலன் தரும் என்பதே. பகலில் 30 பாகையைத் தாண்டும் வெப்பமும் ஆடை உலராத ஈரப்பதமும் நிலவும் ஜொகூரின் மேற்குக் கடற்கரையில், காற்றுப் புகாத மேலங்கியும் இறுக்கமான முகக்கவசமும் அணிந்துகொண்டு பம்பைச் சுமந்து நடப்பவருக்கு மூச்சு முட்டும். வெப்பத் தாக்கு அவரை மருந்துக்கு முன்பே வீழ்த்திவிடக்கூடும். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்குபவர் பொறுப்பில்லாமல் அதைச் செய்வதில்லை. இரண்டு ஆபத்துகளுள் அந்த நொடியில் தன்னை அழுத்துவதை அவர் முதலில் விலக்குகிறார். 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்தி வயலில் மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் ஏறத்தாழ இருபது பேர் இறந்தபோதும், அவர்கள் கவசம் அணியவில்லை என்பதே முதல் விளக்கமாக முன்வந்தது. அணியத்தக்க கவசம் அந்த வெயிலுக்கு உண்டா என்பது பின்னால் வந்த கேள்வி.

பாதிக்கப்பட்டவரின் பழக்கத்தில் காரணம் தேடும் இந்த மனப்பான்மை தோட்டங்களுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாவால் தமிழ்க் கூலிகள் கொத்துக்கொத்தாக இறந்தபோது, அவர்களின் உடல்வலிமைக் குறையும் அழுக்குப் பழக்கமும் காரணமாகச் சொல்லப்பட்டன. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், நகரைச் சுற்றியிருந்த சதுப்பை வெட்டி வடித்து நீர் தேங்காமல் செய்தபோது காய்ச்சல் சரிந்தது. கூலிகளின் பழக்கம் மாறியதாகச் செய்தி இல்லை. பொந்தியான் மக்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்ட பின்னரே குடியேறத் தக்கதான கரையோரம் இது. வாய்க்காலைக் குறிக்கும் ‘பாரிட்’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் மாவட்டம் முழுக்கப் பரவிக்கிடக்கின்றன.

இலங்கையின் அனுபவம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. தன் உயிர் தன் பொறுப்பு என்னும் வாதம் மிக வலுவாக நிற்கவேண்டிய இடம் தற்கொலைதான். உலகிலேயே தற்கொலை விகிதம் மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை 1990களில் இருந்தது. அம்மரணங்களில் பெரும்பகுதிக்கு வேளாண் நஞ்சுகளே காரணம். கொடிய நஞ்சுகளை அந்நாடு 1995இலும் 1998இலும் தடை செய்தது. பாராகுவாட் உள்ளிட்ட மூன்றை 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக விலக்கியது. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது; தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். துயரத்தின் உந்துதல் பெரும்பாலும் குறுகிய நேரத்தில் கடந்துபோவது; அந்த நேரத்தில் எட்டும் தொலைவில் இருக்கும் பொருள் உயிரைப் பறிக்காததாக இருந்தால், மனிதர் பிழைத்து, உதவி பெற்று, வாழ்க்கைக்குத் திரும்புகிறார். விளைச்சல் அதனால் சரியவில்லை என்பதும் ஆய்வுகள் காட்டிய செய்தி.

இவ்வளவும் சொன்னதால் தனிமனிதப் பொறுப்புக்கு இடமே இல்லை என்று கொள்ளவேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிவதை மலேசியா 1973இல் கட்டாயமாக்கிய பின்னரும், தோட்டத்துச் செம்மண் சாலையில் தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கியபடி போகும் காட்சி மறையவில்லை. அங்கே வண்டியும் அவருடையது, வேகமும் அவருடையது, கவசத்தால் மூச்சும் முட்டுவதில்லை. ஆகவே அங்கே அவரைக் கடிந்துகொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஒருவரின் பொறுப்பு அவரது தேர்வுரிமையின் அளவே விரியும் என்று கொண்டால், மருந்தடிப்பவரின் பொறுப்பு மிகச் சிறியது, மண்டோரின் பொறுப்பு அதைவிடப் பெரியது, குத்தகையாளரின் பொறுப்பு இன்னும் பெரியது.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் எடைபோடுகிறது. 1991 மே மாதத்தில் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் இறந்ததற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்தது தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994. பிரித்தானியாவில் லார்டு ராபன்ஸ் தலைமையிலான குழு 1972இல் வகுத்த கொள்கை அதன் அடிப்படை: ஆபத்தை உண்டாக்குபவர்களும் அதனோடு வேலை செய்பவர்களுமே அதைக் கட்டுப்படுத்தும் முதற்பொறுப்பாளிகள், அரசு பின்னிருந்து கண்காணிக்கும். தன்னொழுங்கு எனப்படும் இக்கொள்கை நல்ல நோக்கமுடையதே. ஆனால் ஆபத்தை உண்டாக்குபவரும் அதோடு வேலை செய்பவரும் சம வலிமை உடையவர்கள் என்பதுபோல் படிக்கப்படும்போது அது வழுக்குகிறது. சட்டத்தின் தொடக்க வடிவத்திலேயே 15ஆம் பிரிவின்கீழ் முதலாளி தவறினால் 50,000 ரிங்கிட் வரை தண்டம், 24ஆம் பிரிவின்கீழ்த் தொழிலாளி தவறினால் 1,000 ரிங்கிட் வரை தண்டம் என்று இருந்தது கவனிக்கத்தக்கது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி முதலாளிக்கான உச்ச தண்டம் 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. வேலையைக் குத்தகைக்கு விடுபவருக்கும் தனியாகக் கடமை விதிக்கப்பட்டிருப்பதால், ஆள் என்னுடையவர் அல்லர் என்று தோட்டம் குத்தகையாளரையும், குத்தகையாளர் துணைக்குத்தகையாளரையும் கைகாட்டி நழுவும் பழைய வழி குறுகிவிட்டது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத்தக்க காரணம் இருந்தால் வேலையை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு 26ஏ பிரிவில் தரப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 முதல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பணிவிபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பெரிய தோட்டங்களின் அலுவலகச் சுவரில் இவையெல்லாம் சட்டம் போட்டுத் தொங்கக்கூடும். ஆறு ஆட்களோடு ஒரு லாரியில் புறப்படும் குத்தகையாளர் தம்மையும் இச்சட்டம் முதலாளி என்றே அழைக்கிறது என்பதை உணர்ந்திருக்கிறாரா என்பதே இங்குள்ள ஐயம்.

ஒரு பொருளைத் தடை செய்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது மறுபக்கத்துப் பிழை. பாராகுவாட் போன இடத்தில் குளுஃபோசினேட்டும் கிளைஃபோசேட்டும் நிற்கின்றன. முன்னதின் அனுமதி ஐரோப்பாவில் 2018இல் முடிந்துபோனது. பெக்கான் நெனாஸ் வட்டாரத்து அன்னாசி வரிசைகளில் வேறு மருந்துகளும் உண்டு: பூ ஒரே சீராக எடுப்பதற்காக எத்திஃபோன் கரைசலைச் செடியின் குருத்தில் ஊற்றும் வேலையில், கண்ணிலும் தோலிலும் எரிச்சலூட்டும் அத்திரவம் கையோடு புழங்குகிறது, அன்னாசி இலையின் கூர்முனையோ மெல்லிய கையுறையை அரை நாளில் கிழித்துவிடுகிறது. மண்ணையும் மறக்கலாகாது. பாராகுவாட் தரையைத் தொட்டதும் களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்து செயலிழக்கிறது என்பது அதற்கு ஆதரவாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாதம்; பொந்தியானின் அன்னாசி நிலமோ களிமண் அரிதான கம்புட் மண், அதாவது மட்கிய மரமும் இலையும் சேர்ந்த கரிச்சதுப்பு. வேறு நாட்டு மண்ணை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட உறுதிமொழியை இந்த மண்ணுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பாரிட்டில் இறங்கும் நீர் கடலைத்தான் போய்ச் சேர்கிறது. கூக்குப் மீன் கூண்டுகளும், 2003இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்ட தஞ்சோங் பியாய், பூலாவ் கூக்குப், சுங்கை பூலாய் ஆகியவையும் அந்தக் கரையோரத்தில்தான் உள்ளன. அந்த நீரில் வாழ்வனவற்றுக்கு எந்தப் பயிற்சியும் எந்தக் கவசமும் கொடுக்க இயலாது.

இம்மடலைப் பெறுவோரில் கணிசமானோர் அன்று பம்பு சுமந்த பெண்களின் மக்களும் பேரர்களும் ஆவர். தாயின் நகத்தைக் கண்டவர்கள், இன்று லொம்போக்கிலிருந்தோ சில்ஹெட்டிலிருந்தோ வந்தவரின் கைக்குப் பம்பைக் கொடுக்கும் இடத்தில் நிற்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படுவன பெரியவை அல்ல. மூலப்பொருளைப் புட்டி மூடியால் அளக்காமல் அளவுக்குவளையால் அளந்து, பயிற்சி பெற்ற ஒருவரே கலக்க வேண்டும். கலக்கும் இடத்தில் சவர்க்காரமும் நல்ல நீரும் இருக்க வேண்டும். கூலியைப் பம்புக் கணக்கில் கொடுத்தால் ஆள் ஓய்வைத் துறந்து ஓடுவார் என்பதால் நாள் கணக்கில் கொடுக்க வேண்டும். வெயில் ஏறுமுன் அடித்து முடிக்கும்படி வேலையைத் தொடங்க வேண்டும். மருந்து பட்ட உடையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதபடி வேலையிடத்திலேயே துவைக்க வழி செய்ய வேண்டும். சீட்டில் எழுதியிருப்பதை அந்த ஆளுக்குத் தெரிந்த மொழியில் வாயால் சொல்ல ஒருவர் வேண்டும். ஒவ்வொரு பம்புக்கும் மாற்று முனைகள் இரண்டும், அடைப்பெடுக்க ஒரு பழைய பல்துலக்கியும் உடன் போக வேண்டும். இவற்றின் செலவில் ஒரு காசைக்கூடக் கூலியில் பிடித்தம் செய்வதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இடம் தரவில்லை.